ஒருநாள் விடுமுறையும் ஒருகைப் பூவும்



மார்ச் மாதம் பிறந்ததும் பிரித்தானியாவின் கடைவாசல்கள் மஞ்சள் நிறம் பூண்டுவிடுகின்றன. டஃபொடில் மொட்டுக்கட்டுகள் வாளிகளில் நிற்கின்றன; அன்னையர் நாள் வாழ்த்து அட்டைகள் வரிசையாய் அடுக்கப்படுகின்றன. அப்போது நம் பங்குமக்களுள் யாரேனும் ஒருவர் ஆண்டு தவறாமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "சுவாமி, கனடாவில் இருக்கும் தங்கைக்கும் அவுஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணாவுக்கும் அன்னையர் நாள் மே மாதத்தில் வருகிறது. ஊரிலும் மே மாதந்தான். எங்களுக்கு மட்டும் ஏன் மார்ச்சில்?"

இவை இரண்டும் வெவ்வேறு பிறப்புடைய விழாக்கள் என்பதே சுருக்கமான விடை. மே மாத விழா கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றியது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் கொண்டாடப்படுவது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. ஆங்கிலத்தில் அதன் பழைய பெயர் 'மதரிங் சண்டே' என்பதாகும். 'மதரிங் போவது' என்றால் தாயைக் காணப் போவது என்று அக்காலத்துச் சிற்றூர் மக்கள் பொருள் கொண்டனர். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் வருவதால், இந்நாள் மார்ச் 1 முதல் ஏப்ரல் 4 வரை ஆண்டுக்காண்டு இடம் மாறும். விரிவான விடை சற்று நீளமானது. எனினும் சொல்லத் தகுந்தது. ஏனெனில் கடையில் விற்கும் அட்டைக்குப் பின்னால், பிறர் வீட்டில் வேலை செய்த ஏழைப் பெண்பிள்ளைகளின் வரலாறு ஒன்று மறைந்து கிடக்கிறது.

திருவழிபாட்டிலிருந்து தொடங்குவோம். தவக்காலம் முழுவதும் நம் பீடத்தில் மலர்கள் வைக்கப்படுவதில்லை. இசைக்கருவிகளும் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கின்றன. ஆனால் நான்காம் ஞாயிறு இதற்கு விலக்கு. அன்று பீடத்தில் பூ வைக்கலாம். குருவானவர் ஊதா நிறத்துக்குப் பதிலாக ரோசா நிறத் திருவுடை அணியலாம். வருகைப் பல்லவியின் முதற் சொல்லைக் கொண்டு அந்த ஞாயிறு இலத்தீனில் 'லெத்தாரே' எனப்பட்டது. 'மகிழ்ந்திரு' என்பது அதன் பொருள். எசாயா இறைவாக்கினர் நூலின் கடைசி அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்ட அப்பல்லவி, எருசலேமை ஒரு தாயாகவும், மக்களை அவள் மார்பில் பாலருந்தி நிறைவு பெறும் குழந்தைகளாகவும் காட்டுகிறது. பழைய திருப்பலி நூலில் அன்றைய திருமுகம் கலாத்தியர் நான்காம் அதிகாரம்: விண்ணக எருசலேமே நம் தாய் என்று பவுல் அடிகளார் எழுதிய பகுதி. நற்செய்தியோ, ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்த நிகழ்ச்சி. ஆக, தாய், பால், உணவு, மலர் என நோன்பின் நடுவில் ஒரு நாள் மூச்சு விடுவதற்கு வழங்கப்பட்டது. உரோமையில் இதே ஞாயிறன்று திருத்தந்தையர் பொன்னால் செய்த ரோசாப்பூ ஒன்றை ஆசீர்வதித்து, ஆலயத்துக்கோ அரச குலத்தவருக்கோ அனுப்பும் மரபு இருந்தது. 1049-ஆம் ஆண்டிலேயே, ஒன்பதாம் லியோவின் காலத்தில், அது பற்றிய குறிப்பு காணப்படுகிறது. உரோமையோடு உறவு முறிவதற்கு முன்னர் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் அப்பூவைப் பெற்றவரே.

அந்த உறவு முறிந்த பின்னரும் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மன்றாட்டு நூல் இந்த ஞாயிறுக்குரிய பழைய வாசகங்களை மாற்றாமல் வைத்துக்கொண்டது. எனவே கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த தலைமுறைகளிலும், ஆங்கிலக் குடியானவன் ஆண்டுக்கொரு முறை இந்நாளில் 'தாய்' என்ற சொல்லை ஆலயத்தில் கேட்டுக்கொண்டே இருந்தான். 1969-க்குப் பின் நம் வாசகங்கள் மாறிவிட்டன. ஆயினும் மூன்றாண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டு, இதே ஞாயிறன்று, தந்தை வீட்டுக்குத் திரும்பி வரும் மகனின் உவமையை நாம் வாசிக்கிறோம். வீடு திரும்புதல் இந்த ஞாயிறை விட்டு அகலவில்லை போலும்.

இந்நாளின் தோற்றம் பற்றிப் பல மறையுரைகளில் கேட்ட கதை ஒன்று உங்களுக்கும் நினைவிருக்கலாம்: இடைக்காலத்தில் மக்கள் ஆண்டுக்கொரு முறை தாங்கள் திருமுழுக்குப் பெற்ற தாய்த் திருச்சபைக்கு, அதாவது மறைமாவட்டப் பேராலயத்துக்கோ பழைய பங்கு ஆலயத்துக்கோ, ஊர்வலமாகச் சென்றனர், அவ்வழியில் அன்னையரையும் கண்டனர், அதுவே இவ்விழாவாயிற்று என்பது அக்கதை. ஊர்வலங்கள் நடந்தது உண்மை. எந்த ஊர்க் கொடி முன்னே செல்வது என்பதில் மக்கள் சண்டையிட்டுக்கொண்டதை 13-ஆம் நூற்றாண்டில் லிங்கன் ஆயர் ரொபர்ட் குரோஸ்டெஸ்ட் கண்டித்திருக்கிறார். (திருவிழாவில் எந்த வட்டாரத்தார் சுருவம் தூக்குவது என்று நாம் போடும் சண்டைக்கும் மதிப்புக்குரிய முன்னோடிகள் உண்டு என்பதில் ஓர் ஆறுதல்.) ஆனால் அவ்வூர்வலங்கள் பெரும்பாலும் தூய ஆவியார் பெருவிழாக் காலத்துக்கு உரியவை. அவற்றையும் தவக்கால நடு ஞாயிறையும் இணைக்கும் உறுதியான சான்று இல்லாமையால், அக்கதையை நான் மறையுரையில் சொல்வதில்லை.

சான்றோடு நாம் காணும் காட்சி 1644-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்நாட்டுப் போரில் அரசர் முதலாம் சார்ள்சின் படையோடு சென்ற ரிச்சர்ட் சைமண்ட்ஸ் என்னும் வீரர் நாட்குறிப்பு எழுதி வந்தார். வூஸ்டர் நகரில் தவக்கால நடு ஞாயிறு பெருநாளாகக் கொண்டாடப்படுவதையும், பிள்ளைகளும் ஞானப்பிள்ளைகளும் குடும்பத்தின் மூத்தவர் வீட்டில் கூடி விருந்துண்பதையும், அதனை அவர்கள் 'மதரிங் நாள்' என்று அழைப்பதையும் அவர் குறித்து வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1648-இல் வெளியான ரொபர்ட் ஹெரிக்கின் கவிதைத் தொகுதியிலும், குளொஸ்டரில் தாயைக் காணச் செல்பவளுக்குச் சிம்னல் என்னும் பலகாரம் கொண்டு தரும் வழக்கம் இடம்பெறுகிறது. நாடு இரண்டாகப் பிளந்து போரிட்ட ஆண்டுகள் அவை. அப்போதும் ஞானப்பிள்ளைகள் உட்பட முழுக் குடும்பமும் ஒரு வீட்டில் கூடியது என்பதை வாசிக்கையில், நம்மவர் எளிதில் கடந்து போக மாட்டார்கள் என எண்ணுகிறேன்.

இந்த விழாவுக்கு முகம் கொடுத்தவர்கள் பணிப்பெண்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஏழை வீட்டுப் பெண்பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிறர் வீட்டு வேலைக்குச் சென்றுவிடுவாள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வாறு வீட்டுப் பணியில் இருந்தனர். பெண்கள் செய்த தொழில்களுள் அதுவே மிகப் பெரியது. விடியுமுன் எழுந்து அடுப்புக் கரியை வழித்து நெருப்பு மூட்டுவதிலிருந்து இரவில் எசமானியின் படுக்கைக்கு வெந்நீர்ப் போத்தல் வைப்பது வரை அவள் நாள் நீண்டது. வாரம் ஓர் அரைநாள் ஓய்வு என்பது பிற்காலத்தில் மெல்ல வந்த வழக்கம். பிறந்த வீடு பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவில் இருந்தாலும், அரைநாளில் நடந்து போய்த் திரும்ப முடியாது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் எசமானர் வீட்டில் விருந்தினர் நிறைந்திருப்பர். அப்போது அவளை விடமாட்டார்கள். ஆகவே வூஸ்டர், குளொஸ்டர், ஹெரிபர்ட், ஷ்ரொப்ஷயர், லாங்கஷயர் முதலிய பகுதிகளில், தவக்கால நடு ஞாயிறு பணிப்பெண்ணும் தொழில் பழகும் பையனும் தாய்வீடு செல்ல அனுமதி பெறும் நாளாக நிலைபெற்றது.

அனுமதி என்ற சொல்லைக் கவனியுங்கள். அவள் வீட்டுக்குச் செல்வது அவளது உரிமையாக இருக்கவில்லை. ஓர் எசமானி இசைந்தால் போகலாம்; இல்லையேல் இல்லை. நல்ல எசமானிகள் மாவும் சீனியும் தந்து, தாய்க்குக் கொண்டுபோக ஒரு பலகாரம் சுட்டுக்கொள்ள அடுப்பையும் விட்டுக்கொடுத்தனர் என்று அக்கால நினைவுகள் கூறுகின்றன. கையில் பலகாரம் இருந்தது. பூ வாங்கப் பணம் இல்லை. ஆனால் மார்ச் மாதத்து நாட்டுப்புறப் பாதை அவளுக்குக் கைகொடுத்தது. வேலியோரங்களில், சென்ற ஆண்டின் காய்ந்த இலைகளுக்கிடையே, வயலட் பூக்கள் அப்போதுதான் தலைகாட்டும். மிகச் சிறிய, தலை குனிந்த ஊதாப் பூ. கண்ணுக்குத் தெரியுமுன் மணத்தால் தன்னைக் காட்டிக் கொடுக்கும். வெளிர் மஞ்சள் பிரிம்ரோஸும் கரைகளில் மலர்ந்திருக்கும். நடந்த களைப்பில் குனிந்து பறித்துச் சேர்த்த அந்த ஒருகைப் பூவே அன்னையர் நாள் பூங்கொத்தின் மூத்த வடிவம். தாயைக் காணச் செல்பவர் வழியில் வயலட்டைக் காண்பார் என்று அப்பகுதிகளில் ஒரு பழமொழியே உண்டாயிற்று.

வீட்டை அடைந்ததும் குடும்பமாக ஆலயம் செல்வர். பின்பு, ஆண்டில் அரிதாகவே கிடைத்த இறைச்சி உணவு. 'ஃபர்மெட்டி' என்றொரு பண்டமும் உண்டு: முழுக் கோதுமையைக் குழைய அவித்து, பாலும் இனிப்பும் வாசனைப் பொருள்களும் சேர்ப்பது. அரிசிக்குப் பதில் கோதுமை என்பதைத் தவிர நம்முடைய புக்கைக்கு அது தூரத்து உறவுதான். சிம்னலைப் பற்றியும் ஒரு சொல். உயர்தர மாவைக் குறிக்கும் 'சிமிலா' என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். சைமன் என்பவனும் நெல் என்பவளும் மாவை அவிப்பதா சுடுவதா என்று சண்டையிட்டு, இரண்டையும் செய்ததால் அப்பெயர் வந்தது என்பது வேடிக்கைக் கதை. ஷ்ரூஸ்பரி, டிவைசஸ், பெரி ஆகிய ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிம்னல் இருந்தது. ஷ்ரூஸ்பரிச் சிம்னலின் மேலோடு குங்குமப்பூ நிறத்தில் கட்டை போல் உறுதியாக இருக்குமாம். அதனைப் பரிசாகப் பெற்ற ஒரு சீமாட்டி கால் வைக்கும் மணையென்று கருதிவிட்டாள் என்று 19-ஆம் நூற்றாண்டில் சொல்லிச் சிரித்தனர். யூதாஸை நீக்கிப் பதினொரு திருத்தூதர்களைக் குறிக்கும் பாதாம் உருண்டைகளோடு இன்று கடைகளில் உயிர்ப்புக்காலத்துக்கு விற்கப்படுவது அதன் மென்மையான பேத்தி.

மாலையில் அவள் திரும்பியாக வேண்டும். மறுநாள் விடியலில் அடுப்பு காத்திருக்கும்.

இவ்விடத்தில் நம் நாட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனமில்லை. அதே காலத்தில் அதே வீடுகளில் வேறொரு வகைப் பணிப்பெண்களும் இருந்தனர். இந்தியாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயக் குடும்பங்கள் தாயகம் திரும்பும்போது, நீண்ட கப்பற்பயணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை அழைத்து வந்தனர். கல்கத்தா, பம்பாய், மதராஸ் துறைமுகங்களிலிருந்து அவர்கள் கப்பலேறினர். மதராசிலிருந்து வந்தவர்களுள் நம் மொழி பேசியவர்களும் இருந்திருப்பர். இங்கு வந்து சேர்ந்ததும் சிலர் திரும்பிச் செல்லப் பயணச்சீட்டு இல்லாமல் கைவிடப்பட்டனர். அவர்களுக்கென இலண்டன் ஓல்ட்கேட் பகுதியில் ஒரு தங்குமிடம் இருந்தது. 1900-ஆம் ஆண்டளவில் அது ஹக்னியின் கிங் எட்வர்ட்ஸ் வீதிக்கு மாறி, இலண்டன் நகர் மிசனின் பொறுப்பில் நடந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பெண்கள் அங்குத் தங்கி, கிழக்கே செல்லும் குடும்பம் ஏதேனும் தங்களை வேலைக்கு அமர்த்தி அழைத்துச் செல்லாதா என்று காத்திருந்தனர். அவ்வீதியிலுள்ள கட்டடத்தில் 2022-இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. ஹக்னிப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிச் சென்று காட்டுங்கள். ஆங்கிலப் பணிப்பெண் பன்னிரண்டு மைல் நடந்தால் தாயைக் கண்டாள். ஆயாவுக்கு நடந்து செல்லும் வழி இருக்கவில்லை. பிறர் பெற்ற பிள்ளைகளைத் தாலாட்டியவள், தான் பெற்ற பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவள் அவள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதரிங் வழக்கம் பல இடங்களில் மங்கியது. அதனை மீட்டெழுப்ப ஒரு பெண்ணைத் தூண்டியது, விந்தையாக, அமெரிக்காவின் விழாவே. மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த அன்னா ஜார்விஸ், 1905-இல் இறந்த தம் தாயின் நினைவாக ஒரு நாள் வேண்டுமென்று முயன்றார். 1908 மே 10-ஆம் நாள் கிராப்டன் நகரின் மெதடிஸ்த ஆலயத்தில் முதல் வழிபாடு நடந்தபோது 500 வெண்ணிறக் கார்னேஷன் மலர்களை அனுப்பிவைத்தார். 1914-இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிறை அன்னையர் நாளாக அறிவித்தார். பூக்கடைகளும் அட்டை அச்சிடுவோரும் அதனைக் கைப்பற்றியதும், அன்னா தாமே உருவாக்கிய விழாவுக்கு எதிராகப் போராடத் தொடங்கினார். 1925-இல் கார்னேஷன் விற்பனையை எதிர்த்துக் கூட்டமொன்றில் குழப்பம் விளைவித்ததற்காகக் கைதும் செய்யப்பட்டார். 1948-இல் ஒரு மருத்துவ இல்லத்தில் இறந்தார்.

இங்கிலாந்தில் கொன்ஸ்டன்ஸ் பென்ஸ்விக் சிமித் வேறு வழியில் சென்றார். நொட்டிங்காம் பகுதியில், கொடிங்டன் என்னும் சிற்றூர்ப் பங்குக் குருவின் மகள் அவர். மருந்து கலந்து கொடுக்கும் பணி செய்து வாழ்ந்தவர். அமெரிக்க விழாவை இங்கும் கொண்டுவரும் முயற்சி பற்றி 1913-இல் செய்தித்தாளில் வாசித்ததும், நம்மிடமே ஒரு நாள் இருக்கிறதே என்று எண்ணினார். தோழி எலன் போர்ட்டரின் துணையோடு பழைய வழக்கங்களைத் தேடித் தொகுத்தார். சிறு நாடகம் எழுதினார். 1921-இல் இவ்விழாவின் மீட்சி பற்றி நூல் வெளியிட்டார். அவர் பார்வையில் இந்நாள் பெற்ற தாய்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தாய்த் திருச்சபை, ஆண்டவரின் தாய், இல்லத்தின் தாய், கொடைகளை வழங்கும் மண்ணாகிய தாய் என நால்வரையும் அவர் ஒருசேர நினைத்தார். ஆலயத்தில் பிள்ளைகள் பூங்கொத்துகளைப் பெற்று அன்னையருக்கு வழங்கும் வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1938-இல் அவர் இறந்தார்.

அன்னாவும் சரி, கொன்ஸ்டன்சும் சரி, மணம் முடித்தவர்கள் அல்லர், பிள்ளைகள் இல்லை. அன்னையர் நாள் திருப்பலி அன்று கோயிலுக்கு வராமல் வீட்டில் இருந்துவிடும் சகோதரிகள் சிலர் நம் பங்கிலும் உண்டு என்பதை அறிவேன். அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன். முதல் உலகப் போரில் பிரித்தானியா ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை இழந்தது. பிள்ளைகளை இழந்த தாய்மார் நிறைந்த நாட்டில் கொன்ஸ்டன்சின் அழைப்பு செவிமடுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பூக்களின் பயணமும் மாறிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்மேற்குக் கடலிலுள்ள சில்லித் தீவுகளிலிருந்து டஃபொடில் மலர்கள் கப்பலிலும் புகையிரதத்திலும் இலண்டன் கொவென்ட் கார்டன் சந்தைக்கு வரத் தொடங்கின; தொடக்கத்தில் ஒரு தொப்பிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிப் பார்த்தார்களாம். வேலியோர வயலட்டுக்குப் பதிலாகக் கட்டுக்கட்டாக வந்த டஃபொடில் மேசையைப் பிடித்துக்கொண்டது. இன்று குடும்பமாகக் காரில் ஏறி, உணவகத்தில் இடம் பதிவு செய்து, பூங்காவில் படமெடுத்துத் திரும்புகிறோம். அதில் குற்றம் காண்பவன் நான் அல்லேன். பிள்ளைகள் கூடி வருவதே அந்நாளின் பழைய வழக்கம். 1644-இன் வூஸ்டர் மக்களும் வயிறார உண்டவர்களே.

ஆனால் நம் பங்கில் அந்நாளை வேறு விதமாகக் கழிப்போரும் உளர். முதியோர் இல்லங்களுக்குப் பிள்ளைகள் பூங்கொத்தோடு படையெடுத்து வரும் ஞாயிறு அது. அந்த இல்லங்களில் தாய்மாரைக் குளிப்பாட்டி, தலைவாரி, நல்ல உடை அணிவித்துத் தயார் செய்பவர்களுள் நம் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அன்று விடுமுறை கிடைப்பதில்லை. புகலிட விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளைஞர்களும் நம்மிடையே உள்ளனர். முடிவு வருமுன் நாட்டை விட்டுச் சென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். தாய் இறந்த செய்தி வந்தாலும் கைபேசித் திரையில்தான் அவள் முகத்தைக் கடைசியாகக் காண வேண்டும். தாய்வீடு செல்ல இன்னொருவரின் அனுமதி வேண்டும் என்ற நிலை பழங்கதையாகிவிடவில்லை. போரின் இறுதி நாள்களில் தாயை இழந்து, பூ வைக்க ஒரு கல்லறையும் இல்லாதவர்களுக்கு நான் என்ன எழுதுவது? அவர்கள் பெயர் எழுதித் தரும் தாய்மாருக்காக இந்த ஞாயிறுத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறேன். பெயர்களை எழுதிப் போடுவதற்கு வாசலில் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கும்.

இந்த ஞாயிறு பீடத்தில் மலர்கள் இருக்கும். திருப்பலியின் முடிவில் மறைக்கல்வி மாணவர்கள் சிறு பூங்கொத்துகளை ஆலயத்திலுள்ள பெண்கள் அனைவருக்கும் வழங்குவார்கள். பிள்ளை உண்டா இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவ்வாறே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சனி இரவுப் பணி முடித்து, சீருடையோடு பிந்தி வருகிறவர்களுக்கென ஒரு வாளிப் பூ பின்வரிசையில் தனியே எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை